லேசான கீழ்ச்சக்கரம் வேண்டாம்
அண்ணாச்சி, பானை வனையும் கால் சக்கரத்தில், காலால் உதைத்துச் சுற்றும் அடிச்சக்கரம்தான் கீழ்ச்சக்கரம். ‘கால் சக்கரத்துக்கு 20 கிலோ கீழ்ச்சக்கரம் போதும், கால் வலிக்காது’ என்று சொல்வது தப்பு. லேசான சக்கரம் சட்டென்று கிளம்பும்தான். ஆனால் மேல்தட்டில் வைத்த 2 கிலோ மண்ணை நடுவுக்குக் கொண்டுவர அழுத்தியதுமே வேகம் செத்துவிடும். மறுபடி மறுபடி உதைக்கணும். உதைக்கையில் உடம்பு ஆடும், மண் கோணும். கால் வலி அங்கேதான் வருகிறது.

கீழ்ச்சக்கரத்தின் எடை விளிம்பில் இருக்கணும். சுழற்சியைத் தக்கவைப்பதில் அங்கே வைத்த 1 கிலோ, நடுவிலிருந்து பாதி தூரத்தில் வைத்த 4 கிலோவுக்குச் சமம். 70 செ.மீ. விட்டம், 7 செ.மீ. கனத்தில் கான்கிரீட் வார்த்தால் சுமார் 65 கிலோ வரும், வீட்டுக்குச் சரியாக இருக்கும். தண்டின் அடியில் இருக்கும் பேரிங் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று விற்கிறவரிடம் கேளுங்கள்.

செங்கோட்டைச் சாரலுக்குச் சாதா பிளைவுட் மேல்தட்டு உப்பிவிடும், மரைன் பிளைவுட் வாங்குங்கள். வாங்குமுன் சுற்றவிட்டு, தட்டின் ஓரப்பக்கத்தில் பென்சிலை அசையாமல் லேசாகப் பிடியுங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் தட்டோ, அதைத் தாங்கும் தண்டோ கோணல்.