சாவி கேட்பவர்கள் முதலில் நீதிபதியிடம் போகட்டும்

கொடிய குற்றம் ஒன்று நடந்துவிட்டால் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. குற்றவாளியின் கைப்பேசி பூட்டிக் கிடக்கிறது, வாட்ஸ்அப் நிறுவனமோ செய்திகளைத் தன்னாலேயே படிக்க முடியாது என்று கைவிரிக்கிறது, அப்படியானால் காவல்துறை எப்படித்தான் துப்புத் துலக்கும்? நியாயமான கேள்விதான், பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தில் ஒருவராக இருந்தால் நானும் இதையேதான் கேட்பேன். ஆனால் இந்த விவாதம் தனியுரிமையா பாதுகாப்பா என்ற பட்டிமன்றமாகவே முடிந்துபோகிறது. நம் நாட்டில் அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி ஆணையிடுவது யார், அந்த ஆணையைச் சரிபார்ப்பது யார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இந்தியாவில் இந்த விவாதம் சூடுபிடித்த இடம் சென்னை உயர் நீதிமன்றம். இணையத்தில் அவதூறுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாகிறவர்களுக்கு நீதி கிடைக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் எண்ணுடன் இணைக்க வேண்டும் என்று 2018இல் இரண்டு பொது நல மனுக்கள் தாக்கலாயின. ஆதார் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கோரிக்கை பின்னுக்குப் போய், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே வழக்கின் மையமானது. முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பினால் போதும், மறையாக்கத்தை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் முறையை, உடைக்க வேண்டியதில்லை என்பது அவர் தந்த யோசனை. மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் எழுத்துப்பூர்வமாக அதை மறுத்தார். அந்த அடையாளத்தைப் போலியாக உருவாக்கலாம், விவரம் தெரிந்த குற்றவாளி வேறு வழியில் தப்பிவிடுவான், அப்பாவிதான் மாட்டிக்கொள்வார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

முதலில் அனுப்பியவரைத் தேடும் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சொல்லி ஊரே திரண்டு அடித்தது. வயதான ஒரு பெண்மணி இறந்துபோனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுகிறது என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் அதற்குக் காரணம். அந்தக் கொலையை எண்ணும்போது இன்றும் மனம் பதறுகிறது. ஆனாலும், அங்கே காவல்துறைக்கு எந்தச் சாவி தேவைப்பட்டது? அடித்தவர்களின் முகம் தெரியும் காணொளியை அங்கிருந்தவர்களே எடுத்துப் பரப்பியிருந்தார்கள். அதை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டு கைது செய்தார்கள். வதந்தி பரவத் தொடங்கிய வாரத்திலேயே ஊர் ஊராகப் போய் அது பொய் என்று தண்டோரா போட்டிருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கக்கூடும். முதல் செய்தியை அனுப்பியவரின் எண் மட்டும் கையில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு இந்தியாவெங்கும் பரவிய காணொளிகளில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. உண்மையில் அது குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், ஆணை வந்தால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும். அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதல் ஆளாகக் கருதப்படுவார் என்றும் அந்த விதி சொல்கிறது. அப்படியானால் அந்தக் கராச்சிக் காணொளியைப் பார்த்துப் பதறி, நம் பிள்ளைகள் பத்திரம் என்று குடும்பக் குழுவில் போட்ட ஒரு தாய், சட்டத்தின் கண்ணில் வதந்தியின் ஊற்றாக மாறிவிட வாய்ப்பிருக்கிறது. வெட்டி ஒட்டியவனோ எங்கோ நிம்மதியாக இருப்பான்.

இந்த அதிகாரத்தைக் குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், வேறு எளிய வழி இருந்தால் பயன்படுத்தக் கூடாது என்றெல்லாம் விதியில் இருப்பது உண்மைதான். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கும் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும் பக்கத்திலேயே பொது ஒழுங்கு என்ற சொல்லும் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல்லின் பெயரால் நம் ஊரில் யார் யார் மீதெல்லாம் வழக்குப் போடப்பட்டிருக்கிறது என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். மேலும், யாரோ ஒருவரைப் பின்னால் தேட வேண்டும் என்றால் எல்லோருடைய செய்திக்கும் முன்கூட்டியே அடையாளம் இட்டாக வேண்டும். இந்த விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன வாட்ஸ்அப், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேற நேரும் என்று 2024 ஏப்ரலில் சொன்னது. அந்த நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப் பாசம் ஏதும் இல்லை, அதன் வாதத்தை அதன் வணிகத்திலிருந்து பிரித்துத்தான் பார்க்கிறேன்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கணினியில், கைப்பேசியில் உள்ள தகவலை இடைமறிக்கவோ மறைநீக்கம் செய்யவோ (மறையாக்கப் பூட்டைத் திறந்து படிக்கவோ) ஆணையிடும் அதிகாரத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் தருகிறது. ஆணையில் கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழு மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலும், மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலும் கூடுகிறது. கேட்பவரும் அரசு அதிகாரி, கொடுப்பவரும் அரசு அதிகாரி, சரிபார்ப்பவரும் அரசு அதிகாரி. நீதிபதி ஒருவர்கூட இந்த வரிசையில் இல்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை விதித்தபோதும், நீதிபதியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் எழுதப்பட்ட புதிய விதிகளும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கின்றன.

மறுஆய்வு எப்படி நடக்கிறது? தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018இல் தந்த அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்த மறுஆய்வுக் குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வருகின்றன. அதிகாரிகள் காலையில் அமர்ந்து, காபிக்குக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் பார்த்தாலும், ஓர் ஆணைக்கு இரண்டு நொடி கிடைக்காது. இரண்டு நொடியில் கோப்பின் மேலட்டையில் உள்ள பெயரைப் படிக்கலாம். அந்தப் பெயருக்குரிய மனிதரின் பேச்சைக் கேட்க உண்மையிலேயே காரணம் இருக்கிறதா என்று எப்படி முடிவு செய்வது?

இது கற்பனையான அச்சம் இல்லை என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றமே சாட்சி. லஞ்ச வழக்கு ஒன்றில், சென்னை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஒருவரின் கைப்பேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011இல் ஆணையிட்டிருந்தது. 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ கேள்விக்குள்ளாகாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ரகசியமாக ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார். கேட்ட உரையாடல்களை விதிப்படி மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தவறு நடந்தது 2011இல், தவறு என்று சொல்லப்பட்டது 2025இல். அந்த மனிதர் நீதிமன்றப் படியேறும் வசதி உள்ளவர். அது இல்லாதவர்களின் ஆணைகள் எந்தக் கோப்பில் கிடக்கின்றன?

கோப்புகளுக்கு வெளியே, தெருவில் நடப்பது இன்னும் எளிமையானது. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில், சாலையில் போகிறவர்களை நிறுத்தி, கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் கஞ்சா என்ற சொல்லைக் காவலர்கள் தேடிப் பார்த்த காணொளி வெளியானது. எந்த ஆணையும் இல்லை, எந்த வழக்கும் இல்லை. அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது பற்றிய விசாரணையில், செய்தி சேகரித்த பத்திரிகையாளர்களின் கைப்பேசிகளையே பறிமுதல் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் திருப்பித் தரச் சொல்ல வேண்டியிருந்தது. "போனைக் குடுப்பா, லாக்கை எடு" என்று காவல் நிலையத்தில் ஒருவர் கேட்கும்போது, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் ஐயா என்று திருப்பிக் கேட்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு வரும்? ஆணையிடும் வரிசையில் நீதிபதி இல்லாத நாட்டில், அந்தப் பூட்டுதான் இப்போதைக்குக் குடிமகனுக்கு இருக்கும் ஒரே காவல்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சொல்கிறவர்கள் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், கொலையாளியின் ஐபோனைத் திறக்க உதவும்படி 2016 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு ஆணையிட்டவர் ஒரு நீதிபதி. ஆப்பிளால் வெளிப்படையாக அதை எதிர்த்து வாதாட முடிந்தது. விசாரணைக்கு முந்தைய நாள், வேறு வழி கிடைத்திருக்கிறது என்று எஃப்பிஐ தானே ஒத்திவைப்பு கேட்டு, பிறகு ஆப்பிளின் உதவி இல்லாமலேயே போனைத் திறந்தது. அதே நாட்டில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்திருந்த அமைப்புகளுக்குள்ளேயே சீன ஊடுருவிகள் புகுந்துவிட்டது 2024இல் தெரியவந்தது. நல்லவர்களுக்கு மட்டும் என்று வைத்த கதவு அது. அந்த ஆண்டு டிசம்பரில், மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அதிகாரிகளே மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள்.

அப்படியானால் துன்புறுத்தப்படும் பெண்ணுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். அவர் கையில் இருக்கும் செய்தியே முதல் சாட்சி. மிரட்டல் வந்த எண் அவருடைய திரையில் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய கணக்கு விவரங்களைச் சட்டப்படி கேட்டால் நிறுவனங்கள் தருகின்றன. அவர் உண்மையில் முட்டி மோதுவது, இது எங்கள் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பும் காவல் நிலையத்தில், புகாருக்கு ரசீது மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லும் மேசையில், கைப்பேசியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்காகக் காத்திருக்கும் நீண்ட மாதங்களில். கோடிக்கணக்கானவர்களின் செய்திகளில் அடையாளம் பொறித்தாலும் இவற்றில் ஒன்றுகூடச் சரியாகாது. பாதிக்கப்பட்டவரின் கண்ணீரைக் காட்டி அதிகாரத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள், அந்தக் கண்ணீரைத் துடைக்க ஏற்கெனவே கையில் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் கோபம்.

என் கோரிக்கை பெரிதல்ல. கைப்பேசியை இடைமறிக்கவோ திறக்கவோ வேண்டும் என்றால், அந்த விசாரணையோடு தொடர்பில்லாத ஒரு நீதிபதியின் எழுத்துப்பூர்வமான, காரணம் சொல்லப்பட்ட அனுமதி வேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற அவசரத்தில் பிறகு வந்து ஒப்புதல் பெறட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வழக்கு முடிந்ததும் சம்பந்தப்பட்டவருக்கு, உங்கள் பேச்சு கேட்கப்பட்டது என்று தெரிவிக்க வேண்டும். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒன்றும் இருக்கிறது. நம் மாநிலத்தில் இந்த ஆணைகளில் கையெழுத்திடுபவர் தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர். கடந்த ஆண்டு எத்தனை ஆணைகளில் கையெழுத்திட்டார், மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை ஆணைகளைச் செல்லாது என்று நிராகரித்தது என்ற மூன்று எண்களை மட்டும், யாருடைய பெயரும் இல்லாமல், காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சட்டமன்றத்தில் கேட்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். நான் என் தொகுதி உறுப்பினருக்கு எழுதப்போகிறேன், கடிதத்தின் வாசகம் வேண்டுவோர் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.