40 கஜ ஓட்டத்தை வைத்து லைன்பேக்கரை எடைபோடாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக் டிராஃப்டுக்காக (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஒரு தம்பி வீரர்களை மதிப்பிட்டு இங்கே போட்ட அட்டவணைக்குக் கீழே நேற்று இரவு நடந்த வாக்குவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. கல்லூரி அணியின் தற்காப்பையே தோளில் சுமந்த ஒரு லைன்பேக்கர், அதாவது தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன். அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கட்டம். "உயரம் போதாது, வேகம் போதாது, 5-ஆம் சுற்றுக்கு முன்னால் தொடவே கூடாது" என்று ஒரு வரித் தீர்ப்பு. காரணம் கேட்டேன். டிராஃப்டுக்கு முன்னால் வீரர்களை அளந்து பார்க்கும் இண்டியானாபோலிஸ் கம்பைன் முகாமில் அவன் 40 கஜம் ஓடிய நேரம் என்றார்கள். அவனுடைய ஆட்டம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. "நீங்கள் எப்போதாவது ஹெல்மெட் மாட்டியிருக்கிறீர்களா சார்?" என்ற கேள்விதான் வந்தது. அதன்கீழ் வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

மாட்டியதில்லை. டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் மென்பொருள்காரன் நான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. ஆட்டத்தைப் பார்த்தீர்களா இல்லையா?

லைன்பேக்கர் என்பவன் 40 கஜம் நேர்கோட்டில் ஓடுவதற்காக நிறுத்தப்பட்டவன் அல்ல. ஓர் ஆட்டத்தில் அப்படி ஓடவேண்டிய தேவை அவனுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். அவனுடைய வேலை முதல் இரண்டு எட்டுகளில் இருக்கிறது. பந்து நகர்ந்த நொடியில் எதிரணியின் முன்வரிசையில் தடுக்க நிற்கும் கார்டு முன்னால் வருகிறானா, பின்வாங்குகிறானா, இடத்தைவிட்டுப் பக்கவாட்டில் ஓடுகிறானா என்பதைக் கண் பார்க்கவேண்டும், கால் அதன்படி போகவேண்டும். பந்தை வீசும் குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கிடம் அதைக் கொடுப்பதுபோலப் பாசாங்கு செய்தால் ஏமாறாமல் நிற்கவேண்டும். ஏமாந்து ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டால் அவன் முதுகுக்குப் பின்னால் பந்து போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை.

கணக்காகவே சொல்கிறேன், கணக்குப் பிடித்தவர்கள்தானே நீங்கள். 40 கஜத்தை 4.6 நொடியில் ஓடுபவனுக்கும் 4.7 நொடியில் ஓடுபவனுக்கும் முடிவில் இருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு கஜம். 40 கஜம் ஓடிய பிறகு ஒரு கஜம்! தவறான திசையில் ஓர் எட்டு வைத்துத் திரும்புகிறவன் அதைவிட அதிகத்தைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறான். இந்த இழப்பை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. அளக்க முடியாததை இல்லை என்று சொல்லிவிட்டு, அளக்க முடிந்ததை வைத்து ஒரு பையனின் பெயரில் சிவப்பு அடிக்கிறீர்கள்.

2008 முதல் என்எஃப்எல்லில் தற்காப்பு வீரர் ஒருவரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைக்க அனுமதி இருக்கிறது. பெரும்பாலும் அதை அணிவது நடுவில் நிற்கும் லைன்பேக்கர்தான். அடுத்த முயற்சியைத் தொடங்கவேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அந்த ரேடியோ துண்டிக்கப்படும். அதற்குமேல் பயிற்சியாளரின் குரல் கிடையாது. எதிரணி இடம் மாறி நிற்கிறதா, யார் யாரைக் கவனிக்கவேண்டும் என்று கத்திச் சொல்லி மற்ற பத்துப் பேரையும் நகர்த்துவது அவன் பொறுப்பு. கரோலினா அணியின் லூக் கீக்லி எதிரணி ஆடப்போவதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வதற்குப் பெயர் பெற்றவர். 2012-இல் 9-ஆவதாகத் தேர்வானார், 2013-இலேயே லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர். அந்த மூளையை எந்த ஓட்டப் பாதையில் அளந்தீர்கள்?

சாக் தாமஸைச் சொன்னால் "பழைய கதை" என்கிறீர்கள். பழையதென்றாலும் நடந்த கதைதானே. டெக்சஸ் டெக் கல்லூரிக்காரர், உயரம் 5 அடி 11 அங்குலம். 1996 டிராஃப்டில் 5-ஆம் சுற்றில், 154-ஆவது ஆளாக மயாமி எடுத்தது. அதாவது அவருக்கு முன்னால் 153 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அந்தக் கோடையிலேயே அனுபவசாலியான ஜாக் டெல் ரியோவை அணியிலிருந்து விடுவித்து இவரை நடுவில் நிறுத்தினார்கள். 1,700-க்கும் மேற்பட்ட டேக்கிள்கள் (பந்தோடு வருபவனைப் பிடித்து வீழ்த்துவது). 2023-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இடம். "அணிகள் கோடிக்கணக்கில் செலவழித்து ஆள் வைத்துப் பார்க்கின்றன, அவர்களைவிட உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்ட நண்பருக்கும் இதுதான் பதில். அந்த அணிகள்தான் அவரைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போயின.

புதிய கதைகளும் இருக்கின்றன. 2018-இல் தென் கரோலினா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த டேரியஸ் லெனர்டை 36-ஆவதாக இண்டியானாபோலிஸ் எடுத்தபோது, மதிப்பீட்டாளர்கள் கைக்கு வந்த மோசமான மதிப்பெண்ணெல்லாம் கொடுத்தார்கள். அந்த ஆண்டே 163 டேக்கிள்களுடன் லீக்கில் முதலிடம், சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருது. அதே டிராஃப்டில் ஃப்ரெட் வார்னர் 70-ஆவது ஆளாகப் போனார். இன்றைக்கு லைன்பேக்கர் எப்படி ஆடவேண்டும் என்று சிறுவர்களுக்குக் காட்ட யாருடைய காட்சியைப் போடுகிறார்கள்? வார்னருடையதைத்தான்.

இப்போது மறுபக்கம். ஐசயா சிம்மன்ஸ். 6 அடி 4 அங்குலம், 40 கஜம் 4.39 நொடி. கடிகாரத்தை நம்புகிறவர்கள் கனவில் காணும் உடம்பு. 2020-இல் 8-ஆவதாக அரிசோனா எடுத்தது. எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். 2023 ஆகஸ்டில் ஒரு 7-ஆம் சுற்றுத் தேர்வுக்கு நியூயார்க் ஜயண்ட்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். 2009-இல் ஏரன் கரியை "மிகப் பாதுகாப்பான தேர்வு" என்று எல்லோரும் எழுதினார்கள். 4-ஆவதாக எடுத்த சியாட்டில் 2011-இலேயே அவரை அனுப்பிவிட்டது. இவர்களின் பெயர்களை நான் கேலிக்காக எடுக்கவில்லை. இருவரும் அசாத்தியமான விளையாட்டு வீரர்கள். நேர அளவு அவர்களைப் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் லைன்பேக்கர் வேலையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

"வேகம் தேவையே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? பந்து வீசி ஆடும் காலம் இது, வீசிய பந்தைப் பிடிக்க ஓடும் டைட் எண்டைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடத் தெரியாதவன் மைதானத்தில் நிற்க முடியாது. லைன்பேக்கர் டெவின் வைட் 4.42 நொடியில் ஓடியவர். தம்பா பே அணி லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்ற பருவத்தில் 9 சாக் (பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தார், அந்த வேகம் பயன்பட்டது. மறுக்கவில்லை. ஆனால் அதே வேகத்தோடுதான் 2024-இல் தம்பாவை விட்டும் வெளியேறினார். காயத்தைப் பற்றியும் கேட்டார்கள்: மருத்துவ அறிக்கை மோசமென்றால் அணிகள் தயங்குவது நியாயம். அதைப் பற்றி எனக்கு வாதமே இல்லை, இந்தப் பையனுக்குக் காயமும் இல்லை.

டேக்கிள் எண்ணிக்கையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவன் எண்ணிக்கை அதிகம் என்று எனக்கு ஆதரவாகத்தான் சொன்னீர்கள், நன்றி. ஆனால் அதையும் நான் நம்புவதில்லை. 8 கஜம் விட்டுக்கொடுத்துவிட்டுப் பிடிப்பதும் டேக்கிள்தான், பந்து புறப்பட்ட கோட்டிலேயே நிறுத்துவதும் டேக்கிள்தான். ஏட்டில் இரண்டும் ஒன்று. ஆட்டத்தைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

சுழி பார்த்து மாடு வாங்குகிறவர்கூட ஒருமுறை ஏரில் பூட்டி நடத்திப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுப்பார். இதைச் சொன்னால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

என் மகன் பள்ளியில் லைன்பேக்கராக ஆடினான். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம், சனிக்கிழமை காலை எங்கள் சமையலறை மேசையில் அதன் காணொளி. அவனுடைய பயிற்சியாளர் கற்றுக்கொடுத்ததை அவன் எனக்குக் கற்றுக்கொடுப்பான். காட்சியை நிறுத்தி, கார்டின் கையைப் பெரிதாக்கிக் காட்டுவான். "அப்பா, விரல் கணுக்களைப் பாருங்கள். தரையில் அழுந்தி வெளுத்திருந்தால் உடம்பின் எடை முன்னால் இருக்கிறது, பந்தோடு ஓடும் ஆட்டம். கை தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் பின்வாங்கப்போகிறான், பந்து வீச்சு." நான் இந்த நாட்டுக்கு வந்து ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம், அந்த மேசையில்தான் எனக்குக் கண் திறந்தது. அதன் பிறகு பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இன்றும் முதலில் கார்டின் கையைத்தான் பார்க்கிறேன்.

அவன் பள்ளி முடிக்கும் முன்னால் ஒரு கோடைத் தேர்வு முகாமுக்குக் கூட்டிப்போனேன். சட்டையில் எண் ஒட்டினார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் பார்த்தார்கள். ஓடவிட்டார்கள். ஏட்டை வைத்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அடுத்தவர்" என்றார். பிற்பகலில் பந்தோடு ஆடும் பயிற்சி தொடங்கியபோது ஒரு பட்டியலை வாசித்தார்கள். பட்டியலில் இல்லாத பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நிழலில் நிற்கச் சொன்னார்கள். மாலைவரை நின்றான். காரில் ஏறியபோது எண் ஒட்டிய காகிதம் சட்டையிலேயே இருந்தது. வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். "நான் ஆடுவதை அவர்கள் பார்க்கவே இல்லையே அப்பா."

உடனே "ஓ, மகனுக்கு இடம் கிடைக்காத ஆற்றாமையா?" என்று எழுதத் தயாராகிவிடுவீர்கள். நேற்று ஒருவர் எழுதியும்விட்டார். என் மகன் என்எஃப்எல்லுக்குப் போயிருப்பான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆடவிட்டுப் பார்த்துவிட்டு "போதாது" என்று சொல்லியிருந்தால் அவனும் ஏற்றிருப்பான், நானும் ஏற்றிருப்பேன். பார்க்காமல் சொன்னார்கள். அது ஆற்றாமை என்றால் ஆற்றாமைதான், வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு என்பது பல நேரங்களில் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குத் தேடிப் பிடிக்கும் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. லைன்பேக்கர் ஷகீம் கிரிஃபின் நினைவிருக்கிறதா? நான்கு வயதில் இடக்கை அகற்றப்பட்டவர். 2018 கம்பைனில் செயற்கைக் கை பொருத்தி 225 பவுண்டு எடையை 20 முறை தூக்கினார். 40 கஜம் 4.38 நொடி. கடிகாரம்தான் கடவுள் என்றால் அவர் முதல் சுற்றில் போயிருக்கவேண்டும். 5-ஆம் சுற்றில், 141-ஆவதாகத்தான் போனார். அப்போது மட்டும் கடிகாரம் எங்கே போயிற்று? குள்ளமானவனுக்கு நேரத்தைக் காட்டுகிறீர்கள், நேரம் நன்றாக இருப்பவனுக்கு வேறொன்றைக் காட்டுகிறீர்கள். 50 கேள்விகளை 12 நிமிடத்தில் எழுதவைத்து மூளையை அளந்த வொண்டர்லிக் தேர்வைத் தலைமுறைகளாகத் தூக்கிப்பிடித்தார்கள். 2022-இல் கம்பைனிலிருந்து லீக்கே அதை நீக்கிவிட்டது. அந்த மதிப்பெண்ணால் கேலிக்கு ஆளானவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

சாக் பானைப் பாருங்கள். கல்லூரியில் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தியவர். நியூ ஆர்லியன்ஸ் 2020-இல் 74-ஆவதாக எடுத்து நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் பந்தை உதைக்கும் கிக் ஆட்டங்களிலேயே ஓடவிட்டது. 2024-இல் பிலடெல்பியா ஓராண்டு ஒப்பந்தத்தில் அழைத்து நடுவில் நிறுத்தியது. அந்த ஆண்டே லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம். சூப்பர் பௌலில் எதிரணிக் குவார்ட்டர்பேக் மகோம்ஸ் வீசிய பந்தைப் பறித்தார். ஓராண்டில் அவர் ஓடும் வேகமா மாறியது? விக் ஃபேன்ஜியோ என்ற பயிற்சியாளர் அவர் ஆடுவதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அட்டவணை போட்ட தம்பிக்குக் கடைசியாக. உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களே ஒரு கைப்பிடி அளவுதான், அதில் நீங்கள் ஒருவர். அதனால்தான் வலித்தது. வேறு யாரோ போட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். இரண்டு நிமிட வெட்டொட்டுக் காணொளி போதாது, அதில் எல்லோரும் நன்றாகத்தான் தெரிவார்கள். அவனுடைய அணி தோற்ற ஆட்டம் ஒன்றை எடுங்கள். 3-ஆவது முயற்சி, 2 கஜம் தேவை என்று வரும் இடங்களில் நிறுத்துங்கள். பந்து நகர்வதற்கு முன்னால் அவன் யாரைக் கைகாட்டி நகர்த்துகிறான், முதல் எட்டு எங்கே விழுகிறது, தடுக்க வருகிறவனின் கைகளைத் தட்டிவிட எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று பாருங்கள். பார்த்துவிட்டும் சிவப்புத்தான் என்றால் அது உங்கள் கருத்து, நான் வாய் திறக்கமாட்டேன்.

வியாழக்கிழமை முதல் சுற்று. அதற்கு முன்னால் லைன்பேக்கர்களுக்கான என்னுடைய பட்டியலை இங்கே போடுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்த ஆட்டத்தில், எந்தப் பகுதியில், என்ன பார்த்தேன் என்று எழுதியிருப்பேன். 40 கஜ நேரத்துக்கு அதில் கட்டம் கிடையாது. கேட்டுக் கருத்திடாதீர்கள், தரமாட்டேன்.