கல்வெட்டில் எண்ணெய் தேய்க்காதீர்கள்

அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். சோழர் காலச் சுவரில் எண்ணெயைத் தேய்த்து, எழுத்துக் குழிக்குள் சாக்பீஸால் கோடு இழுத்து, "எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க" என்கிறார்கள். அதற்கு இத்தனை கைதட்டல்!

அங்கே தெளிவாகத் தெரிவது கல்வெட்டு இல்லை, சாக்பீஸ் பிடித்தவரின் ஊகம். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கொ, கோ இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 'கா'வில் வரும் துணைக்காலும் 'ர'வும் அப்படித்தான். ஆட்சியாண்டு எண்ணில் ௪ என்பது 'ச' வடிவம், ௬ என்பது 'சு' வடிவம். 'சு'வின் வால் பொரிந்திருந்தால் அதன் தடத்தைக் கல்லில்தான் தேட வேண்டும். நீங்கள் 'ச' என்று அழுத்திக் கோடு போட்டால் இரண்டு ஆண்டு போயிற்று. பல கல்வெட்டுகளில் அரசன் பெயரே இருக்காது, கோப்பரகேசரி என்ற பட்டம் மட்டும் இருக்கும். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். எந்தப் பரகேசரி என்பதற்கு எழுத்தின் வளைவுதான் பெரிய சாட்சி. அந்த வளைவின் மேலேயே கோடு போடுகிறீர்களே.

"சாமிக்கே எண்ணெய்க்காப்பு உண்டு, சுவருக்கு என்ன?" என்கிறார்கள். சாமியைக் கழுவி அபிஷேகம் செய்கிறார்கள். சுவரை யார் கழுவுகிறார்கள்? எண்ணெயில் தூசி ஒட்டி, குழி அடைத்து, இறுகிவிடும். பிறகு மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுக்கும் படி, எடுக்க முடியாது. கல்லைத் தண்ணீரும் நார் பிரஷும் வைத்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மை தொட்ட துணிப்பந்தால் ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை ஊறும். முழுக்கக் காய்ந்தால் தாள் கழன்றுவிடும். எண்ணெய்ச் சுவரில் தாள் ஒட்டவே ஒட்டாது.

"எங்க ஊர்க் கோயில், நாங்க படிக்கக் கூடாதா?" படியுங்கள், அதற்குத்தானே இவ்வளவு எழுதுகிறேன். இருட்டியதும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், குழியில் நிழல் விழும். நேராக அடித்தால் எழுத்தே மறைந்துவிடும். இடப்பக்கம் வைத்து ஒரு படம், மேலே வைத்து ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் போகும் திசையில் உள்ள கோடுகள் தெரியாது, அதனால்தான் இரண்டு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்களின்) பெயர், தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறது. அரசனின் பெயர் ஒரு இடத்தில் சிதைந்தால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். அந்தப் பெண்களுக்கு அந்த ஒரு வரிதான். திருப்பணி என்று மணலை வீசியடித்துக் கல்லைப் பளபளப்பாக்கியவர்களிடமும் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தோம்.

ஏற்கெனவே எண்ணெய் தேய்த்தவர்கள் சோப்புத்தூளும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அப்படியே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.