கை சூடாத்தானே இருக்கு

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வாய் திறக்காமல் நின்றால், "மௌனம் சம்மதம்" என்று பெரியவர்களே தட்டு மாற்றிவிடுவார்கள். உறுப்பு தானத்தில் 'அனுமானச் சம்மதம்' என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும்.

உயிரோடு இருக்கும்போது வேண்டாம் என்று எழுதி வைக்காதவர் எல்லாரும் ஒப்புக்கொண்டவர்களே, சட்டம் இவ்வளவுதான். சிங்கப்பூரில் 1987லிருந்து இருக்கிறது. மறுத்து எழுதிக் கொடுத்தவருக்கே நாளை கிட்னி தேவைப்பட்டால் வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும். இங்கிலாந்து 2020ல் மாறியது. "இங்கேயும் கொண்டு வரலாமே" என்றார் நண்பர். டயாலிசிஸ் வார்டு வாசலில் நின்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் ஐசியூ வாசலிலும் நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன், பைக் விபத்து, மூளைச்சாவு. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா, "கை சூடாத்தானே இருக்கு, நெஞ்சு ஏறி இறங்குதே" என்றார். ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர் என்று அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. உறுப்பு தானத்துக்கான கோஆர்டினேட்டர் பெண் ஒருவர் வந்து தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் தானம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. பையனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அம்மாவே, "கண்ணை மட்டும் எடுப்பீங்களா, இல்ல..." என்று ஆரம்பித்தார்.

இந்தச் சட்டத்துக்கு உதாரணமாக எல்லாரும் ஸ்பெயினைக் காட்டுவார்கள். அங்கே சட்டம் வந்தது 1979ல். எண்ணிக்கை ஏறியதோ, 1989ல் தேசிய அமைப்பு வந்து, மருத்துவமனைதோறும் இதற்கென்றே பயிற்சி பெற்ற டாக்டர்களை வைத்த பிறகு. இன்றும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. பிரேசில் 1997ல் சட்டம் போட்டது. ஜனங்கள் மிரண்டதில் மறுவருடமே வாபஸ்.

நாமும் மிரளக்கூடியவர்கள்தான். ஏழைகள் கிட்னி விற்றதால் சென்னை வில்லிவாக்கத்தையே 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன ஊர் இது. ரேஷன் கார்டில் ஒரு பெயரை நீக்கவே நாலு நடை நடக்கிறோம். 'வேண்டாம்' என்று பதிவு செய்ய யார் எங்கே போய் நிற்பது? படித்தவன் மறுத்துவிடுவான், கூலிக்காரர் மௌனமாக இருப்பார், அதையே சம்மதம் என்பார்கள். இப்போதுள்ள 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் குடும்பம் கையெழுத்துப் போட வேண்டும். 2008ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே நிமிர்ந்து பார்த்ததும், 2023ல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்குக்கு அரசு மரியாதை அறிவித்ததும், கொடுத்தவர்கள் தாங்களாகக் கொடுத்தார்கள் என்பதால்தான். இன்னொரு சட்டத்தைவிட, ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் தரையில் உட்காரத் தயங்காத அந்த மாதிரி இரண்டு பேரை வேலைக்கு வைக்கலாம்.

என் விருப்பத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். "காலங்காத்தால என்ன பேச்சு இது" என்று மனைவி காபி டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.