அந்த ஆடியோவின் கடைசி அரை நிமிடம்

எங்கள் பகுதியில் கட்சியின் வட்டப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் ஒரு பெண்ணுடன் பேசிய ஆடியோ, சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. காலைக் காபி ஆறுவதற்குள் நான்கு பேர் எனக்கும் அனுப்பிவிட்டார்கள். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒருவர் அதை ஸ்பீக்கரில் போட்டார். பள்ளிப் பிள்ளைகள் பன் வாங்க வந்து நின்றதால், சத்தத்தைக் குறைக்கும்படி கடைக்காரர் சைகை காட்டினார். குறைத்த சத்தத்தைக் கேட்க எல்லோரும் இன்னும் நெருங்கி நின்றார்கள். கொஞ்சல், ஊடல், கடற்கரையில் ஒரு சந்திப்பு என்று போகும் பேச்சின் கடைசி அரை நிமிடத்தில் அவர் சொல்கிறார்: “சத்துணவு வேலைதானே, அது உனக்குத்தான், சொல்லி வச்சிருக்கேன்.” அந்த இடம் வருவதற்குள் கூட்டம் சிரித்துக் கலைந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை அந்த ஆடியோவில் ஊருக்குச் சொந்தமானது அந்த ஒரு பேச்சு மட்டும்தான். அவர் யாரை விரும்புகிறார் என்பது அவருடைய குடும்ப விவகாரம். மணத்துக்கு வெளியிலான உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்த வேலை அரசு தருவது. அதற்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, வேலைக்காகத்தான் அந்தப் பெண் அப்படிப் பேச வேண்டியிருந்தது என்றால், அதைக் கள்ளக்காதல் என்று அழைப்பது (நம் செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்த சொல்) அவருக்கு இழைக்கும் இரண்டாவது அநியாயம்.

இந்த எல்லையைச் சட்டம் வகுத்ததே நம் ஊர் வழக்கு ஒன்றில்தான். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தபோது, அதிகாரிகளுடன் அவருக்கிருந்த தொடர்புகள் அதில் வரும் என்ற நிலையில் சிறைத்துறை அதைத் தடுக்கப் பார்த்தது. 1994இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்றவற்றை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது என்றது. ஆனால் பதவிக் கடமை சார்ந்த நடத்தைக்குப் பொது ஊழியர் எவரும் அந்தரங்க உரிமை கோர முடியாது என்றும் சொன்னது. நாமோ முதல் பாதியை மீறுகிறோம், இரண்டாம் பாதியைத் தொடுவதே இல்லை.

பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபுமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணுடன் தமக்குத் தகாத உறவு ஏதுமில்லை என்று 1963 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஜூனில், சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார். கீலர் சோவியத் கடற்படை அதிகாரி ஒருவருடனும் பழகியவர் என்பதால், கேள்வி கேட்டது நியாயமே. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கிழக்கு லண்டனில் தொண்டு செய்த புரொஃபுமோவுக்கு 1975இல் அரச விருது கிடைத்தது. தொடர்புடைய வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்ற கீலரோ, 2017இல் இறக்கும்வரை அந்த விவகாரத்தின் முகமாகவே பார்க்கப்பட்டார்.

பண விவகாரத்தில் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியதை 1957இல் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா அதைப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டார். (நான்கே ஆண்டுகளில் மீண்டும் அமைச்சரானது வேறு கதை.) ஆழ்வார்பேட்டையில் அவர் பெயர் கொண்ட சாலையில் சிக்னலுக்காக நிற்கும்போதெல்லாம், அன்று அரசுக் கோப்புகளைத்தானே கேட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

குடியிருப்புக் குழுவில் நானும் எழுதினேன்: அந்தப் பணியிடத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த அடிப்படையில் தேர்வு நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே. இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மூன்றாமவர், “சார், அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சிடுச்சு” என்று ஒரு படத்தைப் போட்டார். அவரைத் தொலைபேசியில் அழைத்து அதை நீக்கச் சொன்னேன், முனகிக்கொண்டே நீக்கினார். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நேற்று மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.