மூன்றாம் நாள் நடுக்கம் நடிப்பல்ல

மனநெருக்கடியில் இருப்பவரைக் கையாளக் காவலர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்ற கட்டுரை சரி. ஆனால் குடிநோயை ஒரே வரியில் கடந்துவிட்டது. உயிர் போவது அங்கேதான்.

தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்களில் வியர்வை, நடுக்கம், நேரம் இடம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிடுங்குவது. லாக்கப்பில் இதைப் பார்த்து "நடிக்கிறான்" என்றால் ஆள் இறந்துகூடப் போகலாம். கைதானவரிடம் கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். நடுக்கம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108, அல்லது நேராக வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை.

காட்பாடி ரயில் நிலையத்தில் மனநோயோடு தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவருக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு உண்டு. காவலர் அவரைப் பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது.

அணுகும் முறை: சைரனை நிறுத்துங்கள், லத்தி வண்டியிலேயே இருக்கட்டும். ஒருவர் மட்டும் பேசுங்கள், இரண்டு கை தூரம் தள்ளி, வாசலை மறிக்காமல். நாலு பேர் சேர்ந்து அதட்டினால் காதில் ஏற்கெனவே கேட்கும் குரல்களோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் குப்புறக் கிடத்தி முதுகில் முட்டி வைக்காதீர்கள், மூச்சு நின்றுவிடலாம்.

வீட்டார் முதலில் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். வயர்லெஸ்ஸில் "மெண்டல் கேஸ்" என்று சொல்வதை இன்றே விட்டுவிடலாம், அதற்குப் பயிற்சிகூட வேண்டாம்.