வாள்மீன் தீர்மானம்

(சிங்கப்பூர் தேக்கா சந்தை, ஞாயிற்றுக்கிழமை காலை. காதர் பாய் மீன்கடை. ஐஸ் மேல் தெங்கிரி என்ற வஞ்சிரம், வௌவால், சோத்தோங் என்ற கணவாய். எதிரே குமார், ஒரு தூண்டில் மன்றத்தின் செயலாளர். சந்தைக்கு எல்லாரும் பையோடு வருவார்கள். இவர் ஃபைலோடு வந்திருக்கிறார்.)

காதர்: வாங்க தம்பி. தெங்கிரி ராத்திரி வந்தது. செவுளைத் தூக்கிப் பாருங்க, எப்படிச் செவசெவன்னு இருக்கு. வெட்டவா?

குமார்: மீன் வாங்க வரலை பாய்.

காதர்: நன்கொடையா? போன வாரந்தானே கொடுத்தேன்.

குமார்: அது வேற சங்கம். நான் உங்ககிட்ட ஆலோசனை கேட்க வந்தேன். எங்க மன்றத்துல ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கு. படிக்கிறேன், கேளுங்க. ‘இம்மன்றம் இவ்வாண்டு முடிவதற்குள் ஒரு வாள்மீனைத் தூண்டிலில் பிடிப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.’

காதர்: மீனுக்குத் தெரியுமா?

குமார்: கேலி பண்ணாதீங்க பாய். ரெண்டு மணி நேரம் விவாதம் நடந்துச்சு. தலைவர் ஒருத்தர்தான் எதிர்த்தார்.

காதர்: அப்புறம் எப்படி ஏகமனது?

குமார்: அவர் எதிர்ப்பை அடுத்த கூட்டத்துல பதிவு பண்றோம்னோம். ஒத்துக்கிட்டார். அவருக்கு மீன் மேல கோபம் இல்லை. தான் முன்மொழியணும்னு வச்சிருந்ததை வேற ஒருத்தர் முந்தி முன்மொழிஞ்சிட்டாரேன்னுதான்.

காதர்: சரி, இதுவரைக்கும் உங்க மன்றம் என்ன பிடிச்சிருக்கு?

குமார்: பிடோக் படகுத்துறையில தம்பான் பிடிச்சிருக்கோம். செலார் பிடிச்சிருக்கோம்.

காதர்: அது அப்போலோ ஊசியை, அதான் ஒரே கயிறுல வரிசையா தொங்குற குட்டி ஊசிங்களை, இறக்கினா அஞ்சாறா தானே வந்து தொங்கும். பெருசா ஒண்ணும் மாட்டலியா?

குமார்: தலைவருக்கு ஒரு தடவை மாட்டுச்சு பாய். கம்பு வில்லா வளைஞ்சிடுச்சு. அரை மணி நேரம் போராடினார். நாங்க எல்லாம் கை தட்டுறோம், ஒருத்தர் வீடியோ எடுக்கிறார். அப்புறம் பார்த்தா படகுத்துறையோட அந்தப் பக்கத்துல ஒரு சீன அங்கிள், அவரும் அரை மணி நேரமா போராடிக்கிட்டிருக்கார்.

காதர்: கயிறு சிக்கிக்கிட்டிருக்கு.

குமார்: ஆமா.

காதர்: யாரு ஜெயிச்சது?

குமார்: அங்கிள்தான். தலைவரோட ஈயக்குண்டு, ஊசி, இறால் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. இறாலை மட்டும் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

காதர்: (கத்தியைத் தீட்டிக்கொண்டே) தம்பி, அது என்ன சட்டையில மீன் படம்?

குமார்: மன்றத்துச் சட்டை. வாள்மீன்.

காதர்: அது வாள்மீன் இல்லியே. முதுகுல இவ்வளவு பெரிய பாய் இருக்கே.

குமார்: முதுகுல பாயா? எந்த பாய்?

காதர்: நான் இல்லை தம்பி, படகுல கட்டுவாங்களே, அந்தப் பாய். இது மயில்மீன். வாள்மீனுக்கு முதுகுல ஒத்தைத் துடுப்பு, அரிவாள் மாதிரி நிக்கும். மூக்கும் தட்டையா இருக்கும். மயில்மீன் மூக்கு உருண்டை.

குமார்: (குரலைத் தாழ்த்தி) தெரியும் பாய். அச்சடிச்சு வந்த பிறகுதான் தெரிஞ்சுது. உறுப்பினர் ஒருத்தரோட மக, ரெண்டாம் வகுப்புப் படிக்குது, அதுதான் கண்டுபிடிச்சுது. அவசரக் கூட்டம் போட்டோம்.

காதர்: சட்டையை மாத்திட்டீங்களா?

குமார்: அதுக்குப் பணம் ஏது? தீர்மானம் போட்டோம். ‘இச்சட்டையில் காணப்படும் மீன், மன்றத்தின் எல்லா நோக்கங்களுக்கும் வாள்மீன் எனவே கருதப்படும்.’

காதர்: அப்ப வேலை முடிஞ்சுதே. மயில்மீன் பக்கத்துலயே இருக்கு. ஜோகூர் பாலம் தாண்டி வண்டியில போனா பகாங்ல ரொம்பின். ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் அங்க மயில்மீனுக்காக எங்கிருந்தெல்லாமோ ஆள் வராங்க. பிடிச்சு, போட்டோ எடுத்து, திரும்ப விட்டுடுவாங்க. சட்டைக்கும் பொருந்தும்.

குமார்: அதையும் விவாதிச்சோம் பாய். நடுவுல புரட்டாசி வந்துடுது.

காதர்: புரட்டாசின்னா எனக்குத் தெரியாதா? அந்த ஒரு மாசம் நான் கடையில உட்கார்ந்து ஐஸுக்குத் துணையா இருப்பேன். ஆனா தம்பி, பிடிச்சு விடப்போற மீனுக்கு என்ன விரதம்?

குமார்: இதே கேள்வியைப் பொருளாளர் கேட்டார். பாதிப்பேர் ‘தொட்டாலே தோஷம்’னாங்க. பாதிப்பேர் ‘தொடலாம், மோந்து பார்க்கக் கூடாது’ன்னாங்க. முடிவு ஆகலை. ஒரு வழியா ஆவணியிலேயே போயிடலாம்னு வேன் பேசினா, தலைவரோட கடவுச்சீட்டு காலாவதி. அவர் இல்லாம போனா அது மன்றத்துப் பயணம் ஆகாதாம்.

காதர்: சரி, விடுங்க. வாள்மீன் கதைக்கு வாங்க. அது எங்க கிடைக்கும்னு யாராவது பார்த்தீங்களா?

குமார்: (ஃபைலைத் திறந்து, பெருமையாக) ஆழம் பத்தித் துணைக்குழு அறிக்கை இருக்கு. பகல் நேரத்துல வாள்மீன் 500 மீட்டர் ஆழத்துல இருக்கும். சில இடத்துல அதுக்கும் கீழே.

காதர்: நம்ம கடல் எவ்வளவு ஆழம்?

குமார்: அது அடுத்த பக்கம். இந்தச் சுத்துவட்டாரத்துல தென்சீனக் கடல் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளதான்.

காதர்: டக்ஸ்டன்ல 50 மாடி வீவக அடுக்குமாடி வீடு இருக்கில்ல, பினாக்கல்? அந்த மாதிரி மூணை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா வர்ற உயரம் தம்பி, நீங்க சொல்ற ஆழம். அவ்வளவு தண்ணி இங்க எங்க இருக்கு?

குமார்: அதனாலதான் துணைக்குழு கால அவகாசம் கேட்டிருக்கு.

காதர்: கடல் ஆழமாகுறதுக்கா?

குமார்: வெளிநாடு போறதுக்கு. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா, தாஸ்மேனியா பக்கம் பகல்லயே பிடிக்கிறாங்க. பெரிய ஈயக்குண்டைக் கட்டி அடிமட்டம் வரைக்கும் இறக்குவாங்க. இரை கணவாய். பக்கத்துல மினுக்கு விளக்கு ஒண்ணு கட்டுவாங்க, இருட்டுல அதுக்குக் கண்ணு தெரியணும்ல. கையால சுத்தினா தோள் கழண்டுடும்னு நிறைய பேர் மின்சார ரீல் வச்சிருக்காங்க.

காதர்: இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!

குமார்: வாய் ரொம்ப மென்மை பாய், அதுதான் சிக்கல். வேகமா இழுத்தா கிழிஞ்சு ஊசி கழண்டுடும். வளர்ந்த மீனுக்குப் பல்லும் கிடையாது, செதிலும் கிடையாது.

காதர்: செதில் இல்லியா? எனக்குப் பாதி வேலை மிச்சம். பல்லு இல்லாம எப்படிச் சாப்பிடுது?

குமார்: வாளால வெட்டி வீசும், அப்புறம் முழுங்கும். ராத்திரி ஆனா கணவாயைத் தொரத்திக்கிட்டு மேல ஏறி வரும். வெறும் ஐம்பது, நூறு மீட்டர்ல நிக்கும்.

காதர்: இருங்க. பகல்ல கீழே இருக்கும், ராத்திரிதான் மேல வரும். சரியா?

குமார்: சரி.

காதர்: உங்க கூட்டம் எப்ப?

குமார்: வெள்ளிக்கிழமை ராத்திரி. ஏழரைன்னு போடுவோம், எட்டரைக்கு ஆரம்பிப்போம்.

காதர்: அது கீழே இருக்கிறப்ப நீங்க வேலையில. அது மேல வர்றப்ப நீங்க கூட்டத்துல. அதுக்கும் உங்களுக்கும் ஒரே ஒப்பந்தம்தான் தம்பி, ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்றதில்லை.

(குமார் இதைக் குறித்துக்கொள்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.)

காதர்: ராத்திரி அப்படி என்னதான் பேசுறீங்க?

குமார்: முதல்ல கடந்த கூட்டக் குறிப்பு வாசிக்கிறது. அதுலயே ஒன்பது மணி ஆயிடும். ‘தலைவர் பிடித்த மீன் இரண்டு கிலோ’ன்னு எழுதினா, துணைத்தலைவர் ‘சுமார்’ சேர்க்கணும்பார். தலைவர் கோவிச்சுக்குவார். அப்புறம் கறிபாப் பலகாரம் வரும். உருளைக்கிழங்கா, சார்டினான்னு வாக்கெடுப்பு.

காதர்: மீன் மன்றத்துல உருளைக்கிழங்கு ஜெயிக்குமா?

குமார்: எப்பவும். கடைசியா ‘இதர விஷயங்கள்’. வாள்மீன் அதுலதான் வரும். அப்ப காவலாளி வந்து விளக்கை அணைச்சு அணைச்சுப் போடுவார்.

காதர்: ஆமா, ஒருவேளை பிடிச்சிட்டீங்கன்னே வைங்க. எவ்வளவு பெருசு இருக்கும்?

குமார்: உலக சாதனை 1,182 பவுண்ட். 536 கிலோ. சிலி நாட்டுல இக்கிக்கே பக்கத்துக் கடல்ல, 1953-ல, லூ மாரன்னு ஒருத்தர் பிடிச்சது. இன்னும் யாரும் முறியடிக்கலை.

காதர்: மாறனா? நம்ம ஆளா?

குமார்: அமெரிக்கர் பாய். எங்க துணைத்தலைவரும் இப்படித்தான் கேட்டார். பொங்கல் நிகழ்ச்சிக்குக் கூப்பிடலாம்னு வேற சொன்னார்.

காதர்: 536 கிலோ! என் தராசு 30 கிலோவோட கையை விரிச்சிடும். வீட்டுக்கு எப்படிக் கொண்டு போவீங்க? லிஃப்ட்ல ஏத்தினா அது மட்டுந்தான் மேல போகும், நீங்க படியில ஏறணும்.

குமார்: பங்கு பிரிக்க ஒரு அட்டவணை போட்டோம். தலைவருக்குத் தலைப்பக்கம். ஆனா மகளிர் பிரிவு எதிர்த்துட்டாங்க.

காதர்: எதுக்கு?

குமார்: பாதரசம். பெரிய மீன், மத்த மீனையெல்லாம் தின்னு தின்னு பாதரசம் அது உடம்புல சேர்ந்துடுது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைங்களும் வாள்மீனைத் தவிர்க்கணும்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்லுது. அதனால பிடிச்சதும் விட்டுடணும்னு திருத்தம் வந்துச்சு. அதுல பிரச்சினை என்னன்னா, விட்டுட்டா அட்டவணையை என்ன பண்றது?

காதர்: (வௌவாலின் வயிற்றைக் கீறிக் குடலை ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு) தூண்டில் இல்லாம அதைப் பிடிச்சவங்க யாருமே இல்லியா?

குமார்: இருக்காங்களே! 1967-ல அமெரிக்காக்காரங்க ஆல்வின்னு ஒரு சின்ன நீர்மூழ்கியில சுமார் 600 மீட்டர் ஆழத்துக்குப் போயிருக்காங்க. ஒரு வாள்மீன் வந்து முட்டி, வாள் கப்பலோட மேல்தோல்ல சிக்கிக்கிச்சு. இழுத்தா வரலை. அப்படியே அதையும் சுமந்துக்கிட்டு மேல வந்துட்டாங்க.

காதர்: அப்புறம்?

குமார்: சமைச்சுச் சாப்பிட்டாங்க.

காதர்: அதான் மனுஷன்! தீர்மானமா போட்டான்? அடுப்பை மூட்டினான்.

குமார்: இதைக் கேட்டதும் எங்க பொருளாளர் நீர்மூழ்கி வாடகை விசாரிக்கச் சொல்லிட்டார். கையிருப்பு 312 வெள்ளி. கறிபாப் கடன் போக.

காதர்: நீர்மூழ்கி எதுக்கு தம்பி? நான் குடியிருக்கிற புக்கிட் மேரா கதை தெரியாதா? கூர்மூக்கு மீன் கூட்டங்கூட்டமா வந்து கரையில நின்னவனை எல்லாம் குத்துச்சாம். ராஜா என்ன பண்ணினார், ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு அவங்க காலையே வேலியாக்கினார்.

குமார்: மீன் நின்னுச்சா?

காதர்: காலைக் குத்திட்டு வந்துச்சு. அப்ப ஒரு சின்னப் பையன், ‘வாழைத்தண்டை நட்டு வைங்க’ன்னான். மீன் பாய்ஞ்சு வந்து மூக்கைத் தண்டுல சொருகிக்கிட்டு மாட்டிக்கிச்சு. மலாய்க்காரங்க அதைத் தோடாக்னு சொல்றாங்க. வாள்மீனே இல்லை, முரல் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு சொல்றவங்களும் உண்டு. இங்கிலீஷ்ல கதை சொல்றவங்க வாள்மீனாக்கிட்டாங்க. உங்க சட்டை மாதிரி.

குமார்: அந்தப் பையனுக்கு என்ன கொடுத்தாங்க?

காதர்: கொடுக்கிறதா! இவ்வளவு புத்தி இருக்கிறவன் பெரியவனானா நமக்கு ஆபத்துன்னு ராஜா ஆளை விட்டுக் கொன்னுட்டார். அந்த ரத்தம் ஓடித்தான் குன்று செவந்துச்சுன்னு கதை. புக்கிட் மேரா, ரெட்ஹில் எல்லாம் அதுதான்.

குமார்: எங்க மன்றம் அவ்வளவு மோசமில்லை பாய். நல்ல யோசனை சொன்ன ஒருத்தரைப் பொருளாளராத்தான் ஆக்கினோம்.

காதர்: அந்தப் பையன் தப்பிச்சான். சரி தம்பி, கூட்டமும் வேணும், ராத்திரியும் வேணும், மீனும் வேணும். ஒண்ணு செய்யுங்க. கூட்டத்தையே கேலோங்குல, அதான் கடல் மேல கட்டியிருக்கிற மீன்பிடி மேடையில, வைங்க. ராத்திரி விளக்கைத் தண்ணிக்கு மேல தொங்க விட்டா சோத்தோங் வெளிச்சத்துக்கு வரும். குறிப்பு வாசிக்கிறவர் வாசிக்கட்டும், மத்தவங்க தூண்டிலை ஆட்டிக்கிட்டே கேட்கட்டும். வாள்மீன் வராது. ஆனா வாள்மீனோட சாப்பாடாவது வரும்ல?

(குமார் பேசவில்லை. முகம் மெல்ல மலர்கிறது. சட்டைப்பையிலிருந்து பேனா வெளியே வருகிறது.)

குமார்: பாய்... இது நல்ல யோசனை.

காதர்: இல்லை, இல்லை. சாதாரண யோசனை. யாருக்கும் தோணும்.

குமார்: இத்தனை கூட்டத்துல ஒருத்தருக்குக்கூடத் தோணலையே.

காதர்: நான் ஒண்ணுமே சொல்லலை தம்பி. நீங்களே யோசிச்சதா எழுதிக்குங்க.

குமார்: பேர் காதர்தானே? அப்துல் காதரா, வெறும் காதரா?

காதர்: எதுக்கு?

குமார்: ‘கேலோங் ஏற்பாட்டுத் துணைக்குழு. தலைவர்...’

காதர்: பேனாவை மூடுங்க! நான் உங்க மன்றத்துல உறுப்பினரே இல்லை!

குமார்: அதுக்கு ஒரு திருத்தம் போட்டுக்கலாம். சந்தா முதல் வருஷம் பாதிதான்.

காதர்: கையில கத்தி இருக்கு தம்பி, சொல்லிட்டேன்.

குமார்: (எழுதிக்கொண்டே பின்னால் நகர்ந்து) பார்த்தேன் பாய். அதனாலதான் வழிமொழிய ஆளை வெளியில தேடப் போறேன்.